எந்த வாசலில் நுழைவது? லண்டன் கல்லூரிகளின் கதை

ஒரே ஊரில் நான்கைந்து பல்கலைக்கழகங்கள் இருந்தால் மாணவர்களுக்குக் குழப்பம்தான். கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, வீட்டிலிருந்து எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று ஆயிரம் கேள்விகள். அப்பா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்று சொல்வார்.

1830களில் லண்டனில் இருந்த ஒரு மாணவனுக்கும் இதே குழப்பம் இருந்தது. ஆனால் அவன் முன் வந்து நின்ற முதல் கேள்வி வேறு. நீ எந்த மதம்? அதிலும் எந்தப் பிரிவு? இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தே அவன் எந்த வாசலில் நுழையலாம் என்பது முடிவானது. அந்தக் கேள்வி ஒழிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. அந்தக் கதையில் மதுரையில் பிறந்த ஒருவருக்கும் பெரிய பங்கு உண்டு!

கையெழுத்துப் போட்டால்தான் படிப்பு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து முழுவதற்கும் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள். ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு, மற்றொன்று கேம்பிரிட்ஜ். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையின் பிடியில் இருந்தன. அந்தத் திருச்சபையின் கொள்கைகளைச் சொல்லும் 39 விதிகளை ஏற்பதாகக் கையெழுத்திட்டால்தான் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே முடியும். கேம்பிரிட்ஜ் கொஞ்சம் தாராளம். அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் பட்டம் வாங்கும் நாளில் திருச்சபையைச் சேர்ந்தவன் என்று உறுதி கூற வேண்டும்.

இதனால் கத்தோலிக்கர், யூதர், பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் என்று பலருக்கும் பட்டப் படிப்பு எட்டாக்கனியாக இருந்தது. செலவோ நடுத்தரக் குடும்பங்களால் தாங்க முடியாதது. பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த லண்டனில் ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. பாரிஸில் இருந்தது, பெர்லினில் 1810இலேயே வந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய வணிக நகரத்தில் மட்டும் இல்லை!

கோவர் தெருவின் "கடவுள் இல்லாத" கல்லூரி

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டு வந்த தாமஸ் கேம்பெல் என்ற கவிஞர், 1825 பிப்ரவரியில் டைம்ஸ் நாளிதழில் ஒரு திறந்த மடல் எழுதினார். லண்டன் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்ப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பதே அதன் சாரம். வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஹென்றி ப்ரூம் அதைக் கையில் எடுத்தார். யூத நிதியாளர் ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் கோவர் தெருவில் நிலம் வாங்க உதவினார். அரசு பணம் தரவில்லை. எனவே ஒரு வணிக நிறுவனம் போலவே பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார்கள். ஒரு பங்கு 100 பவுண்டு.

இப்படி 1826இல் தோன்றிய "லண்டன் பல்கலைக்கழகம்" 1828 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கியது. சேர்வதற்கு மதச் சோதனை இல்லை. வழிபாட்டுக் கூடம் இல்லை. இறையியல் பாடமும் இல்லை. எல்லா மதத்தவரும் சேர்ந்து படிக்க வேண்டுமானால் மதத்தைப் பாடமாக வைக்காமல் இருப்பதே நல்லது என்பது நிறுவனர்களின் எண்ணம். எதிரிகள் சும்மா இருப்பார்களா? கோவர் தெருவின் கடவுள் இல்லாத நிறுவனம் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை.

ஸ்ட்ராண்டின் பதிலடி

திருச்சபைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. லண்டனுக்குக் கல்லூரி வேண்டும்தான், ஆனால் அதில் மதம் இருக்க வேண்டும் என்றார்கள். 1828இல் பிரதமர் வெலிங்டன் தலைமையில் கூட்டம் நடந்தது. மன்னர் நான்காம் ஜார்ஜின் ஆதரவில் 1829இல் கிங்ஸ் கல்லூரி சாசனம் பெற்றது. புனிதத்தோடும் ஞானத்தோடும் என்பது அதன் குறிக்கோள். 1831 அக்டோபரில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஸ்ட்ராண்ட் பகுதியில் வகுப்புகள் தொடங்கின.

இந்தக் கல்லூரிக்காக ஒரு துப்பாக்கிச் சண்டையே நடந்தது! கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரும் சட்டத்தை வெலிங்டன் கொண்டு வந்தபோது, கிங்ஸ் கல்லூரிக்கு நன்கொடை தர முன்வந்திருந்த வின்செல்சீ பிரபு கொதித்துப் போனார். கல்லூரி என்ற பெயரில் பிரதமர் கத்தோலிக்கத்தை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார் என்று பகிரங்கமாக எழுதிவிட்டார். வெலிங்டன் அவரைச் சண்டைக்கு அழைத்தார். 1829 மார்ச் 21 காலையில் பேட்டர்சீ வெளியில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். வெலிங்டன் சுட்ட குண்டு படவில்லை. வின்செல்சீ வானத்தை நோக்கிச் சுட்டார். பிறகு மன்னிப்பும் எழுதிக் கொடுத்தார். கல்லூரிச் சண்டைக்காகப் பதவியில் இருக்கும் பிரதமர் துப்பாக்கி தூக்கியது உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே!

கிங்ஸ் கல்லூரியை வெறும் மதக் கல்லூரி என்று ஒதுக்கிவிட முடியாது. தந்தி முறையின் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் வீட்ஸ்டன் அங்கே பேராசிரியர். மின்காந்தக் கோட்பாட்டைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1860 முதல் 1865 வரை அங்கேதான் பணியாற்றினார். ஆனால் மொழி ஆசிரியர்கள் போன்ற சிலரைத் தவிர மற்ற ஆசிரியர்கள் திருச்சபை உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1853இல் எஃப். டி. மாரிஸ் என்ற இறையியல் பேராசிரியர், நரக தண்டனை முடிவே இல்லாதது என்ற கருத்தை ஏற்காததால் பதவி இழந்தார். அந்த மதச் சோதனை 1903இல்தான் நீங்கியது.

இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆனால் மனத்தளவில் இரண்டும் இரண்டு உலகங்கள். கவிஞர் ராபர்ட் பிரவுனிங் கோவர் தெருவில் சேர்ந்தார், ஓராண்டு முடிவதற்குள் விட்டுவிட்டார். ஜான் ரஸ்கின் ஆக்ஸ்ஃபோர்டு போகும் முன் ஸ்ட்ராண்டில் பாடம் கேட்டார். குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் லிஸ்டர் கோவர் தெருவில் மருத்துவம் படித்தார். கிருமி நாசினி முறையால் அறுவை மருத்துவத்தையே மாற்றிப் புகழ்பெற்ற அதே லிஸ்டர், 1877இல் கிங்ஸ் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். காலம் செய்யும் வேடிக்கை!

மதுரையில் பிறந்த பேராசிரியர்

டி மார்கன் விதிகளைக் கணினி படிக்கும் எந்த மாணவரும் மறந்திருக்க மாட்டார். அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. குழந்தைக்கு ஏழு மாதமாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றும், மேலே செல்வதற்கான மதச் சோதனைக்கு உட்பட அவர் மறுத்துவிட்டார். எம்.ஏ. பட்டமும் கல்லூரிப் பதவியும் கைநழுவிப் போயின. அவருக்குத் திறந்திருந்தது கோவர் தெரு. 21 வயதில் அங்கே முதல் கணிதப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1831இல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலில் பதவி விலகி, 1836இல் திரும்பி வந்து முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஜே. ஜே. சில்வெஸ்டர் என்ற யூத மாணவர். 14 வயதில் கோவர் தெருவில் கொஞ்ச காலம் படித்துப் பின்னர் கேம்பிரிட்ஜ் போனவர். 1837இல் அங்கே கணிதத்தில் இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் யூதர் என்பதால் பட்டம் இல்லை! 1841இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிதான் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

1866இல் கோவர் தெருவுக்கே சோதனை வந்தது. தத்துவப் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ என்ற யூனிட்டேரியன் போதகர் விண்ணப்பித்தார். அறிவில் குறை இல்லை. ஆனால் ஒரு மதப் பிரிவின் தலைவராக அறியப்பட்டவரை நியமித்தால் கல்லூரியின் நடுநிலை கெடும் என்று நிர்வாகம் மறுத்தது. ஒருவரின் மதத்தைப் பார்த்து வேலை கொடுப்பது தவறு என்றால், மதத்தைப் பார்த்து வேலை மறுப்பதும் தவறுதானே? டி மார்கன் கேட்டது இதைத்தான். பதில் கிடைக்காததால் 60 வயதில் பதவியைத் தூக்கி எறிந்தார். அவருக்கு அது வெறும் வேலை அன்று, வாழ்நாள் நம்பிக்கை.

1871 மார்ச்சில் டி மார்கன் மறைந்தார். அதே ஆண்டு ஜூனில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் இருந்த மதச் சோதனைகளைப் பெரும்பாலும் ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. மூன்று மாத இடைவெளியில் அதைக் காணாமல் போனார். 35 ஆண்டுகள் காத்திருந்த சில்வெஸ்டருக்கு 1872இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வந்து சேர்ந்தது.

பட்டம் யார் கொடுப்பது?

கோவர் தெருவும் ஸ்ட்ராண்டும் பாடம் நடத்தலாம், பட்டம் கொடுக்க முடியாது. தன் போட்டியாளருக்கு அந்த உரிமை கிடைப்பதை யார் விரும்புவார்கள்? 1836இல் அரசு நடுவழி ஒன்றைக் கண்டது. "லண்டன் பல்கலைக்கழகம்" என்ற பெயரில் தேர்வு நடத்திப் பட்டம் தரும் தனி அமைப்பை உருவாக்கியது. பெயரைப் பறிகொடுத்த கோவர் தெரு, யுனிவர்சிட்டி கல்லூரி ஆனது. இரண்டு கல்லூரி மாணவர்களும் ஒரே தேர்வை எழுதினார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் வெளியே வரும்போது ஒரே பட்டம்!

1858இல் இன்னொரு புரட்சி நடந்தது. மருத்துவம் தவிர மற்ற தேர்வுகளை எழுத எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க வேண்டியதில்லை என்றானது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்தவர்களும் பட்டதாரிகள் ஆனார்கள். 1878இல் பெண்களுக்கும் எல்லாப் பட்டங்களும் திறக்கப்பட்டன. இங்கிலாந்தில் அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் இதுதான்.

இந்த முறை கடல் கடந்தும் வந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டனை மாதிரியாகக் கொண்டே உருவாயின. கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும் என்ற இணைப்புக் கல்லூரி முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. இலங்கையில் 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் 1942 வரை லண்டன் தேர்வுகளையே எழுதினார்கள்.

சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தி, ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ சேர்ந்தால் பணமும் காலமும் கட்டுப்படியாகாது என்று லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். முதல் முறை லத்தீனில் தோல்வி. 1890இல் மறுபடி எழுதித் தேறினார்.

விரிந்த பட்டியல்

லண்டனில் வேறு வாசல்களும் பெருகின. 1823இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பர்க்பெக் மாலை வகுப்புகளுக்குப் பெயர் பெற்றது. 1849இல் பெட்ஃபோர்டு கல்லூரி பெண்களுக்காகவே வந்தது. 1895இல் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியரும் நண்பர்களும் லண்டன் பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கினார்கள். அறிவியலுக்கும் பொறியியலுக்கும் 1907இல் இம்பீரியல் கல்லூரி உருவானது.

அம்பேத்கர் 1916இல் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. 1920இல் மீண்டும் போய் எம்.எஸ்சி. பட்டமும், 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். சொந்த ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சமமாக உட்காரக்கூட அனுமதிக்கப்படாத ஒருவருக்கு அந்த வாசல் திறந்திருந்தது.

பழைய போட்டி மட்டும் தீரவில்லை. 1975இல் கிங்ஸ் மாணவர்கள் யுனிவர்சிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்பட்ட தத்துவ மேதை ஜெரமி பெந்தத்தின் பதப்படுத்திய தலையைக் கடத்தி, தர்ம நிறுவனத்துக்கு 100 பவுண்டு கொடுத்தால்தான் தருவோம் என்றார்கள். பேரம் பேசிக் கடைசியில் 10 பவுண்டில் முடிந்தது! ஒரு காலத்தில் பிரதமர் துப்பாக்கி ஏந்திய பகை இப்போது மாணவர் குறும்பாகச் சுருங்கிவிட்டது.

2007இல் இம்பீரியல் கூட்டமைப்பை விட்டு வெளியேறியது. மற்ற பெரிய கல்லூரிகளும் தம் பெயரிலேயே பட்டம் தரத் தொடங்கின. எனவே எந்தக் கல்லூரி என்ற கேள்வி லண்டன் மாணவருக்கு மீண்டும் முக்கியமாகிவிட்டது. ஆனால் தரவரிசை, கட்டணம், வாடகை என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதே ஒரு பெரிய சுதந்திரம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. சில்வெஸ்டருக்கு அது கிடைக்கவில்லை. தனக்குக் கிடைத்த பதவியையும் கொள்கைக்காக விட்டுக்கொடுத்தவர், வைகைக் கரையில் பிறந்த அந்த ஒற்றைக்கண் கணித மேதை.