வெறி - ஒரு சொல்லின் கதை

"ஷாவினிசம்" என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் கூட்டத்தின் மீது கண்மூடித்தனமான பற்று என்று பொருள். நெப்போலியனின் படையில் பல காயங்கள் பட்டு, அவர் வீழ்ந்த பிறகும் பக்தியை விடாத நிக்கோலா ஷோவின் என்ற சிப்பாயின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1831-ல் பாரிசில் நடந்த ஒரு நாடகம் அந்தப் பெயரைக் கேலிக்குரியதாக்கியது. அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்பதே சந்தேகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்!

தமிழில் இதற்கு என்ன சொல்? இலங்கைத் தமிழர்கள் "பேரினவாதம்" என்று எழுதுவார்கள். ஆனால் நம் வாயில் சட்டென்று வருவது "வெறி"தான். சாதிவெறி, மதவெறி, மொழிவெறி... எல்லாவற்றுக்கும் அதே வால்.

இந்தச் சொல் சங்க காலத்திலேயே இருக்கிறது. மகள் காதலால் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. வேலன் என்ற பூசாரியை அழைக்கிறாள். அவன் ஆட்டைப் பலி கொடுத்து, முருகன் தன் மேல் ஏறியதாக ஆடுகிறான். இதுதான் வெறியாட்டு. இதைப் பாடியதாலேயே ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர்.

கவனியுங்கள், இதில் இரண்டு விஷயங்கள். ஆடுகிறவன் தன் வசத்தில் இல்லை. நோய்க்குச் சொல்லும் காரணமும் தவறு. பலியாவது என்னவோ ஒரு பாவமும் அறியாத ஆடு!

இப்போது நம்ம சென்னைக்கு வருவோம். ஓட்டுநருக்கும் நடத்துனருக்கும் நன்றி சொல்லத்தான் மாணவர்கள் "பஸ் டே" கொண்டாடினார்கள். அது ரகளையாக வளர்ந்து, 2011-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகும் "ரூட்டு தல" ஓயவில்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் கத்தியோடு மோதினார்கள். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். கைதானவர்களும் மாணவர்களே.

தாம்பரத்திலிருந்து தினமும் மின்ரயிலேறும் நமக்கும் இதில் பங்கு உண்டு. கல்லூரிப் பெயரைச் சொல்லிக் கத்தும்போது நாமும் கூடவே கத்துகிறோம். அது பற்று. எதிரே நிற்பவனுக்கும் நம்மைப் போலவே அரியரும், வேலைக் கவலையும், காத்திருக்கும் அம்மாவும் உண்டு என்பது மறந்துபோகும் இடத்தில்தான் பற்று வெறியாகிறது.

கல்லூரி மூன்று வருடம். உயிர் ஒன்றுதான். யோசியுங்கள் நண்பர்களே!