கைமாறிய ரதம்

பாரத யுத்தத்தின் பதினேழாம் நாளில் கர்ணனுடைய தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்துபோயிற்று. அது சாபத்தின் பலன் என்பது புராணம். சாபத்தை ஒப்புக்கொண்டாலும், விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கேட்டால் அவர் இன்னொரு காரணமும் சொல்வார். தேரைக் குதிரைதான் இழுக்கிறது. சக்கரம் வெறுமே உருளுகிறதே தவிர, அதற்கென்று சொந்த பலம் கிடையாது. ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் மற்றதால் அதற்கு உதவி செய்ய முடியாது. இறங்கித் தோள் கொடுத்துத் தூக்க வேண்டியதுதான். கர்ணன் அதைத்தான் செய்தான். அதற்குள் அர்ஜுனன் வில்லை வளைத்துவிட்டான்.

இந்தச் சங்கடத்துக்கு மலிவாகவும் கைக்கு அடக்கமாகவும் ஒரு பரிகாரம் கிடைத்தது 1940-ஆம் வருஷத்தில். அதற்கு ஜீப் என்று பெயர். இன்று நகரத்துக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நின்று, பல லட்ச ரூபாய் விலை சொல்லப்படுகிற 'தார்' முதலிய வண்டிகளுக்கெல்லாம் அதுதான் பாட்டனார். பேரப்பிள்ளைகளின் அழகைப் பற்றிப் பேச விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள். பாட்டனாருடைய கதையை, அவர் அதிகமாக உழைத்த இடங்களில் ஒன்றான மலை நாட்டிலிருந்து பார்க்கலாம் என்பது என் உத்தேசம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கிழக்கே போளூர், தெற்கே செங்கம், மேற்கே திருப்பத்தூர், ஆலங்காயம் என்று சுற்றிலும் சமவெளி ஊர்கள். நடுவில், மலைமேல், ஜமுனாமரத்தூர். சேயாறு இங்கேதான் பிறந்து செங்கத்துப் பக்கமாக இறங்குகிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடியது என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கூத்தர்களை அவனிடம் அனுப்பிவைக்கும் அந்த நூல் ஒரு வகையில் பழங்காலத்து வழிகாட்டிப் புத்தகம். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாம்புப் புற்று, எந்தப் பாறை பாசி படிந்து வழுக்கும், தினைப்புனத்துக் காவலர்கள் வீசும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும் என்றெல்லாம் புலவர் எச்சரிக்கிறார். நன்னனுடைய கொடையை வருணிப்பதற்குச் சளைக்காமல் அவனிடம் போய்ச்சேரும் வழியின் கஷ்டத்தையும் அவர் வருணித்திருக்கிறார். இந்த மலை நாட்டில் ஆளைவிட வழிதான் பெரிய விஷயம் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்தது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதை அவர்களிடையே வழங்குகிறது. சாமை விதைப்பார்கள், புளியும் தேனும் பலாவும் கீழே கொண்டுவந்து விற்பார்கள். மோட்டார் வருவதற்கு முன் இவை எல்லாம் தலைச்சுமையாகத்தான் இறங்கின. மூங்கில் கழியில் துணியைத் தூளியாகக் கட்டி, அதில் நோயாளியைக் கிடத்தி, இருவர் தோளில் தூக்கி இறக்குவார்கள். இந்த டோலிதான் மலையின் ஆம்புலன்ஸ்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1940 ஜூலையில், ஐரோப்பாவில் ஹிட்லரின் சேனை நாடு நாடாக விழுங்கிக்கொண்டிருந்த சமயம், அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. சேறு, மணல், மேடு, பள்ளம் எதிலும் போகக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெரிய கம்பெனிகள் தலையை ஆட்டிவிட்டன. கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி மட்டும் துணிந்தது. கார்ல் புராப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் சில நாட்களுக்குள் படம் போட்டுக்கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கையில், வண்டி ராணுவ முகாமின் வாசலில் போய் நின்றது.

பிறகு நடந்தது உலக வழக்கம். சின்னக் கம்பெனியால் வேண்டிய அளவு செய்து தர முடியாதென்று படங்கள் வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகளுக்குப் போயின. யுத்தம் முடிவதற்குள் அவர்கள் இருவரும் ஆறு லட்சத்துக்கு மேல் வண்டி செய்தார்கள். பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி. பேர் வாங்கினவர்கள் வேறு. ஜீப் என்ற பெயர்கூட எப்படி வந்தது என்பதில் சண்டை உண்டு. ஜி.பி. என்ற எழுத்துக்களின் மரூஉ என்பார்கள் சிலர். பாப்பாய் சித்திரக் கதையில் வந்த, எங்கும் நுழைந்து புறப்படும் விசித்திரப் பிராணியின் பெயர் என்பார்கள் சிலர்.

வண்டியின் சூட்சுமம் எளியது. சாதாரண மோட்டாரில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஜீப்பில் ஒரு லிவரைத் தள்ளினால் நான்குக்கும் போகும். பின் சக்கரம் சேற்றில் சுழன்றாலும் முன் சக்கரம் கெட்டி மண்ணைப் பற்றி இழுத்துவிடும். இன்னொரு லிவர் வேகத்தைக் குறைத்து இழுக்கும் சக்தியைக் கூட்டும். வில்லிஸ் எஞ்சினுக்குச் சுமார் 60 குதிரை சக்தி. வண்டியின் எடை ஒரு டன் அளவுதான். பள்ளத்தில் விழுந்தால் நாலு பேர் தூக்கி நிமிர்த்திவிடலாம். பர்மாக் காடுகளில் இதன் டயர்களைக் கழற்றி, ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தின் மேல் சரக்குப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். காயம்பட்டவர்களை அதன் மேல் கிடத்தி மலைச் சரிவுகளில் இறக்கினார்கள். நம்முடைய டோலிக்கு அங்கே சக்கரம் முளைத்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. ஜீப்பின் ரசமான சரித்திரம் அதற்கப்புறம், அது கைமாறத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. லட்சக்கணக்கான வண்டிகளை என்ன செய்வது? பிலிப்பைன்ஸில் ஜனங்கள் அவற்றை வாங்கி, நீட்டி, கூரை போட்டு, வர்ணம் தீட்டி, 'ஜீப்னி' என்ற பொதுஜன வாகனமாக்கினார்கள். இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய லாண்ட் ரோவரை 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைத்தார்கள். நம் தேசத்திலும் 'டிஸ்போஸல்' என்ற மந்திரச் சொல் உலவியது. ராணுவம் கழித்த பூட்ஸ் முதல் ஜீப் வரையில் அந்தப் பெயரில் விலைக்கு வந்தன.

புது ஜீப்பும் வந்தது. மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதும் 1945-இல் 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்று கம்பெனி தொடங்கினார்கள். தேசம் பிரிந்தபோது முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியானார். பிற்பாடு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் கம்பெனி 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. பெயரில் இரண்டு 'எம்' அப்படியே இருக்க, ஒரு 'எம்' மட்டும் எல்லை தாண்டிவிட்டது! அவர்கள் வில்லிஸ் ஜீப்பைப் பகுதி பகுதியாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்றார்கள். நாளடைவில் இங்கேயே செய்தார்கள்.

பழைய வண்டி வாங்குவதில் உள்ள அபாயத்தை இந்திய சர்க்காரே அனுபவித்துப் பார்த்த கதையும் அந்தக் காலத்ததுதான். 1948-இல் காஷ்மீரில் சண்டை. சேனைக்கு ஜீப் அவசரமாக வேண்டியிருந்தது. லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான விதிமுறைகளைத் தாண்டி, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடன் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். புதுப்பித்த பழைய ஜீப்புகள் 2,000 வர வேண்டும். வந்து சேர்ந்தவை 155. அவையும் சேனைக்கு உதவாதவை. பார்லிமெண்டில் பெரும் புயல் எழுந்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டுமென்றது. 1955 செப்டம்பர் 30-ஆம் தேதி, விவகாரம் முடிந்தது என்று உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த் கதவைச் சாத்தினார். 1956-இல் மேனன் மத்திய மந்திரியானார். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் விவகாரம் என்று இன்றும் புத்தகங்களில் எழுதப்படுவது இந்த ஜீப் விவகாரம்தான்.

இதற்கிடையே ஜீப் மலை நாடுகளிலும் ஏறத் தொடங்கிவிட்டது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் பின் வட்டார வளர்ச்சி அதிகாரி என்றால் ஜீப், ஜீப் என்றால் வட்டார வளர்ச்சி அதிகாரி என்று கிராமத்து ஜனங்கள் நினைக்கும்படி ஆயிற்று. சந்தன மரத்துக்குப் பேர்போன காட்டில் வன இலாகா ஜீப்புக்கும் வேலை இருந்தது. தேர்தல் வந்தால் கட்சிக் கொடி கட்டிய ஜீப்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ரோடு போட்டால் எல்லோரும் போகலாம். ஜீப் வாங்கினால் அதில் ஏறுகிறவர் மட்டும் போகலாம். ரோடு இல்லாமலே உத்தியோகஸ்தர் மலையேறிவிட முடிந்தபோது, ரோடு போடும் அவசரம் ஒரு பிடி குறையத்தானே செய்யும்? ஜீப் சர்க்காரை மேலே கொண்டுபோயிற்று. மலையாளியைக் கீழே கொண்டுவரவில்லை.

ஜவ்வாது மலையின் ஒதுக்குப்புறத் தன்மையை விரும்பித் தேடி வந்தவர்களும் உண்டு. வானசாஸ்திரி வைணு பாப்பு நட்சத்திரங்களைப் பார்க்க இருட்டான ஓர் இடம் தேடி, ஆலங்காயத்துக்கு மேலே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைப் பார்க்கப் பாப்பு உயிரோடு இல்லை. ஊர் விளக்கின் வெளிச்சம் எட்டாத தூரம்தான் காவலூருக்கு யோக்கியதாம்சம். அதே தூரம், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு எமனாக நின்றது.

அந்தத் தூரத்தைக் கொஞ்சமாவது குறைத்தது சர்க்கார் ஜீப் அல்ல. சர்க்காரும் ராணுவமும் கழித்துவிட்டு, ஏலத்தில் விட்டு, இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் மலைக்காரன் கைக்கு வந்த பழைய ஜீப். நம் மலை நாடுகளில் எங்கு பார்த்தாலும் இதைக் காணலாம். ஐந்து பேருக்கென்று செய்த வண்டியில் பதினைந்து பேர். மேலே புளி மூட்டை. பின்னால் தொங்கிக்கொண்டு இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள். போகும்போது பஸ், வரும்போது லாரி, ராத்திரியில் ஆம்புலன்ஸ். பேருக்குச் சொந்தக்காரர் ஒருவர். உபயோகத்துக்கு ஊரே சொந்தம். இத்தனை பேரை ஏற்றுவது சட்டத்துக்குப் பொருந்தாது, ஆபத்தும்கூட. ஆனால் வேறு வண்டி இல்லாத இடத்தில் யாரை இறக்கிவிடுவது?

அப்படிப்பட்ட வண்டியை வாங்கும் விதமே தனி. நகரத்துக்காரர் முதலில் வர்ணத்தைப் பார்ப்பார். மலைக்காரர் குந்தி உட்கார்ந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பார். சேஸிஸில் துரு ஏறியிருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா, ஸ்பிரிங் பட்டை விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். அதன்பின் முன் சக்கரங்களுக்கும் எஞ்சின் பலம் போகிறதா என்ற முக்கியப் பரீட்சை. ஜீப் என்ற உருவம் இருப்பதாலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற ஜீப்புகளையும் கம்பெனியே செய்து விற்றிருக்கிறது. லிவர் மட்டும் இருந்து, உள்ளே சாமான் கழன்றுபோனவையும் உண்டு. சேற்றில் இறக்கி ஏற்றிக் காட்டினால்தான் முன்பணம். கடைசியில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் சேஸிஸில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். லண்டன் ஒப்பந்தத்துக்கு முன் இப்படி யாராவது ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தால் 80 லட்ச ரூபாய் விவகாரமே எழுந்திராது.

காலம் மாறிவிட்டது. பழைய ஜீப்பை நீட்டவும் குறுக்கவும் இப்போது இஷ்டம்போல் முடியாது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மகிந்திரா கம்பெனி 2010-இல் 'தார்' என்ற வண்டியையும், 2020-இல் அதையே புது உருவத்திலும் கொண்டுவந்தது. பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய அந்த வண்டிகளில் பெரும்பாலானவை தார் ரோட்டை விட்டு இறங்குவதேயில்லை. வாங்குகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சம்பாதித்தவனுக்கு ஆசை இருக்கும். விடுமுறையில் ஜமுனாமரத்தூர் வரை போய், பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் நல்ல காரியமே. நான் சொல்ல வருவது வேறு.

2023 மே மாதம், ஜவ்வாது மலையை ஒட்டிய வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு கடித்தது. சரியான பாதையில்லாததால் ஆஸ்பத்திரிக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்க்க முடியவில்லை, குழந்தை இறந்துவிட்டது. சடலத்தை ஏற்றிவந்த வண்டியும் பாதி வழிக்கு மேல் போக முடியாமல் நின்றது. தாய் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். ஜீப் பிறந்து 83 வருஷத்துக்குப் பிறகு, வான வெளியை அளக்கும் கண்ணாடி இருக்கிற அதே மலைப் பிரதேசத்தில், இது நடந்தது.

பாதை இல்லாத இடத்துக்கென்று செய்த வண்டி பாதை உள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதை இல்லாதவர்களுக்கு, நாலு பேர் ஓட்டிக் கழித்த பிறகு, கைமாறி வந்தது. ஆனாலும் அதற்கு உயிர்காக்கும் வேலை கொடுத்தவர்கள் அவர்கள்தாம். கர்ணனுக்கு அன்று தோள் கொடுக்க ஆளில்லை, சாரதியும் இறங்கவில்லை. மலை ஜீப் சேற்றில் இறங்கினால் உள்ளே இருக்கிற பதினைந்து பேரும் குதித்துத் தள்ளுகிறார்கள். அவர்கள் கேட்பது புது வண்டியல்ல. தள்ளாமல் போகிற அளவுக்கு ஒரு ரோடு.