குப்பன்: ஒரு பெயரின் கதை

'குப்பனும் சுப்பனும்' என்று யாராவது சொன்னால், யார் அந்தக் குப்பன் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. முகமில்லாத ஆளுக்கு நாட்டார் வைத்த பெயர் அது. ஆனால் அந்தப் பெயரை முதலில் வைத்தவள் ஒரு தாய். அவளுக்கு அந்தப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு யாருமே முக்கியமில்லை.

முன்பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்திவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். குப்பன், குப்பாயி, தவிடன், பிச்சை, மூக்கன், மூக்காயி எல்லாம் இப்படி வந்தவை. தெலுங்கில் பெண்டய்யா, கன்னடத்தில் திப்பேசாமி. அவற்றிலும் இருப்பது குப்பைமேடுதான். போஜ்புரிக்காரர்கள் நம் குப்பன் சுப்பனைப் போலவே 'குரஹூ கத்வாரூ' என்கிறார்கள். அங்கும் குப்பைதான், அங்கும் ஏளனம்தான்.

சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயர் வைக்க வேண்டும் என்கிறது மனு, இரண்டாம் அத்தியாயத்தில். அதனால் இப்பெயர்கள் எல்லாமே மேலிருந்து திணிக்கப்பட்டவை என்று நம்மிலேயே சிலர் வாதிடுகிறார்கள். நாம் அதை முழுதும் ஏற்பதற்கில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர் குப்புசாமி சாஸ்திரி. அவர் பெயரால் 1944இல் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனமே எழுந்தது. அந்தப் பெயரிலும் குப்பை உண்டு. அதை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

வேறுபாடு பெயரின் வாலில் இருந்தது. நம்மவர் பெயரில் 'சாமி' இருந்தால் ஆண்டையின் வாயில் அது வராது. சாமி என்று அழைக்கப்பட வேண்டியவர் அவரல்லவா! முனுசாமி முனியன் ஆனார், குப்புசாமி குப்பன் ஆனார். எழுபது வயதுக் கிழவரை ஆண்டை வீட்டுச் சிறுவன் 'டேய் குப்பா' என்றான். கணக்குப்பிள்ளையும் பள்ளிக்கூட வாத்தியாரும் அந்த அழைப்பையே ஏட்டில் ஏற்றினார்கள். வாயில் சுருங்கிய பெயர் இப்படித்தான் காகிதத்திலும் சுருங்கியது. தாய் எமனுக்குப் பயந்து செய்த தந்திரம், ஊர்த்தெருவுக்கு வசதியாகப் போயிற்று.

பாரதிதாசனின் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' நாயகனும் குப்பன்தான். அங்கே அவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள், அவனோடு வாதாடுகிறாள். வெறும் ஏளனச் சொல்லுக்கு அந்த வாழ்வு கிடைக்காது. நம் பிள்ளைகள் இன்று இந்தப் பெயரை வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. பாட்டன் பெயரைச் சொல்ல மட்டும் கூசவேண்டாம்.

1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு நேட்டாலுக்குப் போனது. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர் எல்லாம் எழுதினார்கள். தகப்பன் பெயர் அங்கே குடும்பப் பெயராக நிலைத்தது. இன்றும் தென்னாப்பிரிக்காவில் கூப்புசாமி என்ற குடும்பப் பெயர் உண்டு. அந்நாட்டு நிறவெறி வேறொரு நீண்ட கதை. ஆனால் அந்த வாலை அங்கே யாரும் வெட்டவில்லை. வங்கியில் கூப்பிடுபவர் 'மிஸ்டர் கூப்புசாமி' என்றுதான் கூப்பிட்டாக வேண்டும்.