பெரியம்மா மகன்

1913-ல் பெர்லினில் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். ஜெர்மன் ராணுவ உடையில் இரண்டு பேர். ஒரே தாடி, ஒரே மீசை, ஒரே கண்கள். ஒருவர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், மற்றவர் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸ். யார் எவர் என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான். 1893-ல் ஜார்ஜ் கல்யாணத்துக்கு வந்தவர்களே நிக்கோலஸை மாப்பிள்ளை என்று நினைத்து வாழ்த்தியிருக்கிறார்கள்.

இங்கிலீஷ் புத்தகங்கள் 'கஸின்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நம்ம கணக்கில் போட்டுப் பாருங்கள். டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள் அலெக்ஸாண்ட்ராவும் டாக்மரும். அக்கா இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டார், தங்கை ரஷ்யாவுக்கு. அக்கா மகன் ஜார்ஜ், தங்கை மகன் நிக்கோலஸ். அதாவது அண்ணன் தம்பி. நிக்கோலஸின் மனைவி அலிக்ஸ், ஜார்ஜுக்கு அத்தை மகள். எதிரணியில் நின்ற ஜெர்மன் கைசர் வில்ஹெல்மும் அத்தை மகன்தான். இதை வைத்து முதல் உலகப் போரையே குடும்பச் சண்டை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உறவு போரைத் தொடங்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அது நிஜமாகவே சோதிக்கப்பட்ட இடம் வேறு.

1917 மார்ச் 15 அன்று நிக்கோலஸ் முடி துறந்தார். ஒரே வாரத்தில், குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வரலாம் என்று லாயிட் ஜார்ஜ் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தட்டம்மை. உடனே கிளம்ப வழியில்லை.

அந்த இடைவெளியில் ஜார்ஜுக்கு பயம் வந்துவிட்டது. மார்ச் 30 அன்று அவருடைய அந்தரங்கச் செயலர் ஸ்டாம்ஃபோர்டாம் வெளியுறவு அமைச்சர் பால்ஃபோருக்கு எழுதினார்: ஜார் இங்கே வருவது சரிதானா என்று மன்னருக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். தொழிலாளர்கள் கொந்தளிக்கிறார்கள், பழி மன்னர் மேல் விழும், கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுங்கள். பெற்றார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜார்ஜின் வம்சப் பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. சுத்த ஜெர்மன் பெயர். 1917 ஜூன் 13 அன்று லண்டன் மேல் குண்டு போட்டு 162 பேரைக் கொன்ற விமானங்களின் பெயரும் கோத்தா! அடுத்த மாதமே, ஜூலை 17 அன்று, மன்னர் குடும்பம் 'விண்ட்சர்' ஆனது. உறவினர்களும் மாற்றிக்கொண்டார்கள். பேட்டன்பர்க் மவுண்ட்பேட்டன் ஆனது அப்போதுதான். பிற்பாடு டெல்லிக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான். அலிக்ஸ் அவருக்குச் சித்தி.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1918 ஜூலை 17 அதிகாலை, யெகாதெரின்பர்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் நிக்கோலஸ், அலிக்ஸ், ஐந்து பிள்ளைகள், உடனிருந்த நான்கு பேர் என்று பதினோரு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தேதி தற்செயல்தான். ஆனாலும் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால், ஜார்ஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தாலும் பெட்ரோகிராட் சோவியத் அவர்களை வெளியே விட்டிருக்குமா என்பது சந்தேகம். கொலையில் முடியும் என்று 1917 வசந்தத்தில் ஜார்ஜ் எதிர்பார்க்கவும் இல்லை. அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. பல காலம் இந்தப் பழி லாயிட் ஜார்ஜ் தலையில் இருந்தது. அரண்மனை வாயே திறக்கவில்லை. 1983-ல் கென்னத் ரோஸ் எழுதிய ஜார்ஜின் வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் கடிதங்களின் கதை பரவலாகத் தெரிந்தது. சிம்மாசனத்தைக் காப்பாற்ற தம்பியைக் கைவிட்டதைக்கூட ஒரு மன்னனின் கணக்கு என்று புரிந்துகொள்ளலாம். பழியை இன்னொருத்தர் சுமக்கப் பேசாமல் இருந்ததை?

1919 ஏப்ரலில் ஜார்ஜ் அனுப்பிய 'மார்ல்பரோ' போர்க்கப்பல் கிரிமியாவிலிருந்து டாக்மரை மீட்டது. அவர் இங்கிலாந்தில் அக்காவோடு சில மாதங்கள் தங்கினார். மகன் செத்துப்போனதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அங்கே அவரைப் பார்க்க வந்த அக்கா மகனுக்கு, அச்சு அசல் நிக்கோலஸின் முகம்.