புள்ள பாக்குது

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. கறி என்றால் அம்மி. அம்மி என்றால் நான். 1993ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அந்த வருடம்தான் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் ‘ஜங்கிள் புக்’ வந்தது. வடக்கனந்தலில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. திண்ணையிலும் வாசலிலும் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருவோம். முதல் பாட்டு முடிந்து, ஓநாய்க் கூட்டம் வந்து, பகீரா மரக்கிளையில் வந்து படுப்பதற்குள் அம்மாவின் குரல் வந்துவிடும்: “ஏன்டி, மசாலா அரைக்க வரியா இல்லியா?” நான் எழுந்து போவேன். அண்ணன் உட்கார்ந்திருப்பான்.

இந்தித் தொடர். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. மேற்கே நிமிர்ந்தால் கல்வராயன் மலை. கோமுகி அணைப் பக்கம் போனால் குரங்கு, பாம்பு, முள்ளம்பன்றி என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். மௌக்லி அந்த மலையில்தான் எங்கோ இருக்கிறான் என்று நான் நம்பினேன். கறுப்பு வெள்ளைத் திரையில் பகீராவும் இரவும் ஒன்றாகக் கலந்துவிடும், கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணை நினைத்துக்கொண்டே மிளகாயும் தனியாவும் அரைப்பேன்.

அந்தத் தொடரில் மொத்தம் 52 பகுதிகள். நான் பார்த்தது 52 அரைப் பகுதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். கறி எடுக்காத ஞாயிறுகளும் உண்டு. கரும்பு வெட்டுக் கூலி வராத வாரங்கள் அவை. வீட்டில் காசில்லாத வாரம் எனக்கு முழு மௌக்லி கிடைத்தான். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது கறி இல்லை என்று அம்மா சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் குதிப்பேன்.

பதிமூன்று வயதில் குச்சில் உட்கார வைத்தார்கள். சடங்கு முடிந்து வெளியே வந்தபோது உலகத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் நடந்திருந்தது. “வயசுக்கு வந்த புள்ள அடுத்த வீட்ல போயி குந்திகினு டிவி பாக்கறதா?” என்றார் ஆயா. அவ்வளவுதான். ஒரு ரசிகையின் முதல் பாகம் அங்கே முடிந்தது. அண்ணனுக்குப் பதினாறு வயது. இரவு ஒன்பது மணி வரைக்கும் அவன் எந்த வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மகன் பிறந்தான். 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, அந்த ஆண்டு செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கி, 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. எங்கள் தெருவுக்கு 2008இல் வந்தது. பதினான்கு அங்குலப் பெட்டி. அந்தத் திட்டத்தை ஏளனம் செய்து எவ்வளவோ எழுதினார்கள், இன்னும் எழுதுகிறார்கள். அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போகத் தடை விதிக்கப்பட்ட பெண்களின் வீட்டுக்குள்ளேயே ஒரு திரை வந்தது என்ற கோணத்தில் யாராவது எழுதியதாக நான் படித்ததில்லை.

பெட்டி வந்தது, ரிமோட் வரவில்லை. அதாவது, என் கைக்கு வரவில்லை. காலையில் மாமனாருக்குச் செய்தி. சாயங்காலம் தொடங்கி அத்தைக்கு சீரியல். பத்து மணிக்கு மேல் வீட்டுக்காரருக்கு. மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் பெட்டி யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கும். நான் தையல் மிஷினை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். போக்கிமான் பார்த்தேன். டிராகன் பால் பார்த்தேன். ஷின்சான் பார்த்தேன். அத்தை எழுந்து வந்து “என்னாம்மா இது கண்றாவி?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “புள்ள பாக்குது அத்த.” புள்ள பாதி நாள் தூங்கிக்கொண்டிருப்பான்.

இதை நான் பல பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்துவிட்டு, தாங்களும் அப்படித்தான் என்றார்கள். ஒருத்தி பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அதே பதிலைச் சொல்லி மாட்டிக்கொண்டாளாம். வளர்ந்த பெண் கார்ட்டூன் பார்ப்பது பைத்தியக்காரத்தனம், தாய் பார்ப்பது கடமை. நமக்குப் பிடித்த ஒன்றைச் செய்ய நமக்கு எப்போதும் ஒரு பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது.

கையில் போன் வந்தது 2018இல். முதலில் தேடியது மௌக்லியை. கிடைத்த படத்தின் தொடக்கத்தில் எழுத்துகள் இந்தியில் இல்லை, கட்டம் கட்டமாக ஜப்பானிய எழுத்து. என் முப்பத்தைந்தாவது வயதில்தான் தெரிந்தது, என் மௌக்லி ஜப்பான்காரன் என்று. நிப்பான் அனிமேஷன் என்ற நிறுவனம் 1989இல் எடுத்த தொடர் அது. அங்கே தொடங்கிப் பின்னால் பின்னால் போனேன். எனக்குப் புதிய அனிமே அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கணினி வருவதற்கு முன், ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து, வண்ணம் தீட்டியவைதான் பிடிக்கின்றன. ஏன் என்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. அவை தைத்தவை மாதிரி இருக்கின்றன.

எப்படி என்று சொல்கிறேன். பென்சிலால் வரைந்த படத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை வைத்துக் கோட்டை மையால் நகலெடுப்பார்கள். செல் என்று பெயர். பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். பின்பக்கம் பூசினால்தான் முன்பக்கத்துக் கோடு மறையாமல் நிற்கும். விரல் ரேகை படாமலிருக்கக் கையுறை. ஒரு கண் சிமிட்டலுக்கு இத்தனை தாள் என்று கணக்கு. ஜாக்கெட் தைப்பவளுக்கு இது உடனே புரியும். முழு வேலையும் உள்பக்கத்தில். போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரிவது வெளிப்பக்கம்.

இந்த நகலெடுப்பு, வண்ணப் பூச்சு வேலைகளைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். கதை எழுதி, இயக்கி, முக்கியமான படங்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படமான ‘வெள்ளைப் பாம்பின் கதை’யை 1958இல் எடுத்த தோயேய் டோகாவிலும் இந்தப் பிரிவினை இருந்தது. திருமணமானால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று பெண்களிடம் எழுதி வாங்கும் வழக்கமும் அங்கே இருந்தது. நம் ஊரில் எழுதி வாங்குவதில்லை, பத்திரிகை வைக்கும்போதே அது முடிவாகிவிடுகிறது.

அங்கே ரெய்கோ ஒகுயாமா என்று ஒருவர் சேர்ந்தார். ஜப்பானிய மொழியில் ‘டோகா’ என்றால் அசையும் படம், ‘டோவா’ என்றால் சிறுவர் கதை. சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் படம் வரையும் இடம் என்று தவறாக நினைத்துத்தான் விண்ணப்பித்தாராம். தவறான கதவைத் தட்டியவர் உள்ளே போய் அசைய மறுத்தார். உடன் வேலை பார்த்த யோய்ச்சி கோதாபேயை 1963இல் மணந்தார். வேலையை விடவில்லை. குழந்தை பிறந்தது. அப்போதும் விடவில்லை. நிர்வாகத்தின் நெருக்குதலைத் தொழிற்சங்கத்தின் துணையோடு எதிர்த்து நின்றார். அந்தச் சங்கத்தில்தான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற இசாவோ தகாஹதாவும் ஹயாவோ மியாசாகியும் இருந்தார்கள். வண்ணப் பிரிவிலிருந்து மிச்சியோ யாசுதா இருந்தார். பிறகு ஜிப்லி படங்களின் வண்ணங்களைப் பல பத்தாண்டுகள் தீர்மானித்தவர் யாசுதா. மியாசாகியின் காட்டுப் பச்சையைப் பற்றி உருகுகிறவர்கள் அவர் பெயரையும் ஒருமுறை சொன்னால் நன்றாக இருக்கும்.

1971இல் தகாஹதா, மியாசாகி, கோதாபே மூவரும் தோயேயை விட்டு வெளியேறினார்கள். ஒகுயாமா அங்கேயே இருந்தார். வெளியே போன மூவரும் சேர்ந்து 1974இல் செய்ததுதான் ‘ஹைடி’. ஜோஹன்னா ஸ்பைரி என்ற சுவிட்சர்லாந்துப் பெண் எழுதிய நாவல். மலை, ஆடு, தாத்தா, ஒரு சிறுமி. 52 பகுதிகள். இவர்கள் சுவிட்சர்லாந்துக்கே போய் மலையைப் பார்த்து வந்து வரைந்தார்கள். கதாபாத்திரங்களை வடிவமைத்தவர் கோதாபே. ஒகுயாமாவும் 1975இல் ‘கடற்கன்னி’ படத்துக்கு அனிமேஷன் இயக்குநராக உயர்ந்தார். ஆனாலும் கணவரின் பெயரைத் தேடினால் ஹைடி வருகிறது, மனைவியின் பெயரைத் தேடினால் கணவர் வருகிறார். 2007இல் ஒகுயாமா இறந்தார். 2019இல் என்.எச்.கே. ஒளிபரப்பிய ‘நத்சுசோரா’ தொடரின் நாயகியிடம் அவருடைய சாயல் இருந்ததால்தான் இளையவர்கள் பலர் அவரைத் தெரிந்துகொண்டார்கள்.

ஹைடியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. கல்வராயன் மலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பெண் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து வளைவில் திரும்பும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஆடு ஓட்டும் பெண் பள்ளிக்கூடம் போகாத பெண் என்று அர்த்தம். ஹைடியும் தொடக்கத்தில் எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் அவள் புல்வெளியில் உருளுகிறாள், பூப் பறிக்கிறாள், ஆட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் பீட்டர். மலையில் வேலையில்லாமல் ஓடித் திரியும் ஒரு சிறுமியை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் படத்தில்தான். கோபம் பாதியில் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டே 52 பகுதியும் பார்த்தேன்.

இன்னொன்று. டிராகன் பாலில் கோகு என்று ஒரு முரட்டுச் சண்டைக்காரன். ஜப்பானில் 1986இலிருந்து அவனுக்குக் குரல் கொடுத்தவர் மசாகோ நோசாவா என்ற பெண். சிறுவனாக இருந்தபோது மட்டுமல்ல, வளர்ந்து இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் அவர்தான். 1963இல் ஆஸ்ட்ரோ பாய்க்குப் பேசியவர் மாரி ஷிமிசு. டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை நோபுயோ ஓயாமா. ஷின்சானுக்கு 26 ஆண்டுகள் அகிகோ யஜிமா. எல்லாம் பெண்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரலையில் குரல் கொடுக்க வேண்டியிருந்தது, இரவு வேலைக்குச் சிறுவர்களைக் கூப்பிட முடியாது, ஆணின் உடைந்த குரல் பொருந்தாது. அப்படித்தான் பெண்களை அழைத்தார்கள். நமக்கு இது புதிதில்லை. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரிதானே. பொடியன்களின் குறும்பையெல்லாம் பெண்கள் தங்கள் தொண்டையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். பெண் குரலில் பேசிய அந்தப் பொடியன்களைத்தான் ஆண் பிள்ளைகள் தங்கள் நாயகர்களாக வரித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் குரல்கள் பேசிய வசனம் வேறு கதை. ஷின்சான் தன் அம்மாவின் உடம்பைக் கேலி செய்வான். டோரேமானில் ஷிசுகா குளிக்கும்போதெல்லாம் நோபிதா தவறிப்போய் அங்கே வந்து விழுவான். எனக்குச் சிரிப்பு வராமல் போனது அங்கேதான். 2008இல் ஷின்சானை ஒன்றிய அரசு நிறுத்தியபோது பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பதுதான் பேச்சாக இருந்தது. நாள் முழுக்க வேலை செய்து கேலியை வாங்கிக்கொள்ளும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் அவளுக்காகவே அந்தத் தொடரைப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? தள்ளுபடி விற்பனைக்கு ஓடுவாள், மதியம் எல்லோரையும் அனுப்பிவிட்டு டிவி முன்னால் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்பாள். மதியம் மூன்று மணிக்கு எனக்கு அவளைத் தெரிந்திருந்தது.

தையல்காரியாக என்னை அதிகம் தொட்டது யோகோ ஹத்தாவின் கதை. முஷி நிறுவனத்தில் செல்லுக்கு வண்ணம் பூசியவர். திருமணமாகி கியோட்டோ பக்கம் வந்தார். 1981இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு வண்ணம் பூசும் வேலையை வெளியிலிருந்து வாங்கிச் செய்யத் தொடங்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து வண்ணம் பூசும் பெண்கள். அதுதான் வளர்ந்து கியோட்டோ அனிமேஷன் ஆயிற்று. எண்ணிக்கைக்குக் கூலி என்பது அந்தத் தொழில் முழுக்க இருந்தபோது மாதச் சம்பளம் கொடுத்த நிறுவனம் என்றும், பெண்கள் நிறைய வேலை பார்த்த நிறுவனம் என்றும் பெயரெடுத்தது. 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அங்கே தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அந்தச் செய்தியை நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது படித்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவள் நான். அன்றைக்கு மேற்கொண்டு தைக்கவில்லை.

2025 ஜனவரியில் யூகோ சாகோவும் ராம் மோகனும் 1990களின் தொடக்கத்தில் சேர்ந்து எடுத்த ராமாயண அனிமே தமிழிலும் திரைக்கு வந்தது. சென்னையில் மகனோடு பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு லட்சம் செல், எல்லாம் கையால் வரைந்தது என்றார்கள். கதை தெரிந்ததுதான், சீதைக்கு அதிலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. நான் புடவை மடிப்புகளின் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மகன் எழுந்துவிட்டான். பெயர்கள் ஓடி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். “நைன்டீஸ் கிட்ஸ்னு வீடியோ போடறவங்க எல்லாம் பசங்களாவே இருக்காங்க, நீ எப்பம்மா இதெல்லாம் பாத்த?” என்றான். “நீ பாக்கும்போதுதான்” என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தான். மௌக்லி கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “ஏதோ புலிய கொல்லுவான்ல?” என்றான். அவன் முழுதாகப் பார்த்தவன். பாக்கி 52 அரைப் பகுதிகளை நான் போனில் பார்த்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மி இப்போது பின்கட்டில் குழாய்க்குக் கீழே கிடக்கிறது, அதன்மேல் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம்.