வயலுக்கு ஓர் ஆளா, வட்டைக்கு ஒரு விதானையா: வலைச் சேவையக இணைப்பிகளின் வரலாறு

உலாவியின் வேண்டுகோளை வலையமைப்பிலிருந்து வாங்கி, உள்ளே இயங்கும் நிரலிடம் ஒப்படைத்து, விடையைத் திருப்பி அனுப்பும் வலைச் சேவையகப் பகுதி இணைப்பி, அதாவது கனெக்டர், எனப்படுகிறது. 1995இல் வெளிவந்த அப்பாச்சி சேவையகம் ஓர் இணைப்புக்கு ஒரு செயல்முறையை ஒதுக்கியது. ஜாவாவில் அமைந்த ஜெட்டி, டொம்கட் ஆகிய சேவையகங்களின் தொடக்ககால இணைப்பிகள் ஓர் இணைப்புக்கு ஓர் இழையை, அதாவது த்ரெட்டை, ஒதுக்கின. வாசித்தலும் எழுதுதலும் ஒரே ஓட்டத்தில் அமைந்தமையால் அந்நிரலைப் படிப்பதும் பிழை திருத்துவதும் எளிதாயின. ஆயினும் பயனர் எதுவும் அனுப்பாத வேளையிலும் இழை காத்தே நின்றது. 64 பிட் லினக்ஸில் ஜாவா ஓர் இழையின் அடுக்குக்கு வழமையாக 1 மெகாபைட் ஒதுக்குவதால், 10,000 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 10 கிகாபைட் முகவரிவெளி வேண்டியிருந்தது.

பத்தாயிரம் இணைப்புகளை ஒரே கணினி தாங்குவது எவ்வாறு என்ற வினாவை டான் கேகல் 1999இல் சி10கே என்ற பெயரில் முன்வைத்தார். பல இணைப்புகளை ஓர் இழையே கண்காணிக்க உதவும் லினக்ஸின் ஈபோல் வசதியும் ஜாவா 1.4இன் என்ஐஓ நூலகமும் 2002இல் வந்தன. அவை செயற்படும் விதத்துக்கு ஓர் உவமை சொல்லலாம். சம்மாந்துறை வயல்வெளியில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானை வயலுக்கு ஓர் ஆளை வரம்பில் நிறுத்துவதில்லை. வட்டை முழுவதையும் கண்காணித்து, முறை வந்த வாய்க்காலையே திறக்கச் செய்கிறார். இவ்வசதிகளைக் கொண்டு அமைந்த புதிய இணைப்பியும் அவ்வாறே எல்லா இணைப்புகளையும் ஒரே இடத்திலிருந்து கவனித்து, தரவு வந்து சேர்ந்த இணைப்புக்கு மட்டும் இழையை அனுப்பியது. இதுவே தடைப்படாத இணைப்பி எனப்படுகிறது.

இந்த வடிவமைப்பின் வளர்ச்சியில் இலங்கைப் பொறியியலாளருக்கும் பங்குண்டு. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தினர் பங்களித்த அப்பாச்சி சினாப்ஸ், சேவைகளுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருளாகும். அதன் 1.0 பதிப்பு 2007இல் வெளிவந்தது. இத்தகைய மென்பொருள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இருபுறமும் இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருப்பதால், மறுமுனைச் சேவை தாமதித்தால் இரண்டும் முடங்கும். எனவே அங்கே தடைப்படாத இணைப்பி இன்றியமையாததாயிற்று.

தடைப்படாத இணைப்பிக்குரிய விலை நிரலின் சிக்கலாகும். பாதி வந்த வேண்டுகோளின் நிலையை நிரலே நினைவில் வைக்க வேண்டும். கண்காணிக்கும் இழை ஒரு தரவுத்தள விடைக்காக நின்றுவிட்டால், அதனை நம்பிய இணைப்புகள் அனைத்தும் நின்றுவிடும். 2023இல் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் இழைகள் பழைய எளிய எழுத்துமுறையை மீட்டுத் தந்தனவேனும், சிக்கல் மறையவில்லை. அது நிரலாளரின் தோளிலிருந்து இயக்கச்சூழலின் தோளுக்கு மாறியது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே: இணைப்பியைத் தெரிவுசெய்யுமுன் எத்தனை இணைப்புகள் வரும், அவற்றுள் எத்தனை வெறுமனே காத்திருக்கும் என்பதை அளந்தறிய வேண்டும்.