கூலி: கொடுப்பதன் பெயர் ஆளின் பெயரான கதை

தமிழில் கூலி என்பது ஆளின் பெயர் அன்று. ஆளுக்குக் கொடுப்பதன் பெயர். உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்ற பொருளில் திருக்குறளே (619) அதை ஆள்கிறது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரைவைக்கூலி, தையற்கூலி, குடிக்கூலி, நகைக்கடைச் செய்கூலி என இன்றும் வழக்கு அப்படித்தான். உழைப்பவரைச் சொல்வதற்குக் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லோ விகுதியோ சேர்க்கிறோம். ஆங்கிலத்திலும் டச்சிலும் பிரெஞ்சிலும் மலாயிலும் அந்தச் சேர்க்கை உதிர்ந்துவிட்டது. அங்கெல்லாம் ‘கூலி’ என்றாலே மனிதர்.

இச்சொல்லின் பிறப்பிடம் குறித்துப் பழைய வழக்கு ஒன்று உண்டு. எச். எச். வில்சன் 1855இல் வெளியிட்ட சொற்றொகுதியில் தமிழ்க் கூலியையே மூலமாகக் கொண்டார். 1886இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியைத் தொகுத்த யூலும் பர்னெலும் அதை முழுதாக ஏற்கவில்லை. குஜராத், கொங்கணப் பகுதிகளில் வாழும் கோளி மக்களின் பெயரைப் போர்ச்சுகீசியர் தெற்கே கொண்டுவந்து, பின்பு சீனம்வரை பரப்பினர் என்பது அவர்கள் சாய்வு. கூடவே துருக்கியச் சொல் ஒன்றையும் அவர்கள் சுட்டினார்கள்.

அந்தத் துருக்கியச் சொல்லுக்குத் தென்னிந்தியாவிலேயே சான்று இருக்கிறது. துருக்கிய மொழிகளில் ‘குல்’ என்றால் அடிமை, ஊழியன். உடைமை விகுதி சேர்ந்தால் ‘குலி’: இன்னாருடைய அடியவன். அலி குலி போன்ற பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. கோல்கொண்டா அரச மரபை நிறுவிய சுல்தான் குலியும், 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குத்ப் ஷாவும் இந்தச் சொல்லைப் பெயரில் தாங்கியவர்கள். மன்னர் பெயரில் இருக்கும்போது அது பக்தியின் அடையாளம், நம் அடியார்க்கடியான் என்பதைப் போல. ஒலி நெருங்கி வந்தாலும் ஊதியம் என்ற கருத்துக்கு அங்கே இடமே இல்லை.

என் முடிவு வில்சனை ஒட்டியது. கோளி என்பது ஓர் இனத்தின் பெயர். நாள் ஊதியத்துக்கு உழைப்பவர் என்ற பொருளை அது தனியாக விளக்காது. தமிழிலோ அப்பொருள் சொல்லின் மையத்திலேயே இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அதற்கு உறவு உண்டு. கொடுக்கும் காசின் பெயர் எப்படி ஆளின் பெயராகும் என்று கேட்பவர்களுக்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. கைக்கூலி என்ற சொல்லுக்கு லஞ்சம் என்பது ஒரு பொருள். இலங்கை முஸ்லிம்களிடையே அது சீதனப் பணம். இன்றைய மேடைப் பேச்சிலோ பிறரிடம் விலைபோனவரே கைக்கூலி. போர்ச்சுகீசியர் மேற்கிலும் கிழக்கிலும் துறைமுகங்கள் வைத்திருந்ததால் கோளியும் கூலியும் அவர்கள் வாயில் கலந்திருக்க இடமுண்டு. அடித்தளம் தமிழ்க் கூலிதான் என்றே கருதுகிறேன்.

சீனத்தில் இச்சொல்லை ‘கூ லீ’ என்று இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதலாவது கசப்பு அல்லது துன்பம், இரண்டாவது வலிமை. வெளியிலிருந்து வந்த ஒலிக்குப் பொருத்திய எழுத்துகள் இவை. பொருத்தம் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததால் சொல்லே சீனத்தில் பிறந்தது என்று நம்புவோர் பலர். 1847 முதல் 1874 வரை கியூபாவுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களின் கதையை நினைத்தால், அந்த எழுத்துகள் பொய் சொல்லவில்லை.

அடிமை முறை ஒழிந்த இடத்தை ஒப்பந்த உழைப்பு நிரப்பியபோது சொல் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 1862இல் அமெரிக்கா, தன் குடிமக்கள் ‘கூலி வணிகத்தில்’ ஈடுபடுவதைத் தடை செய்தது. சுமத்ராவின் டெலி தோட்டங்களுக்காக டச்சு அரசு 1880இல் கொண்டுவந்த கூலிச் சட்டம் இதற்கு நேர்மாறு. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியை அது குற்றவாளியாக்கித் தண்டித்தது. கூலி பெறுவது உரிமை என்ற பொருள் இங்கே முற்றாக அழிந்து, தப்பிப் போக முடியாதவன் என்ற பொருள் குடியேறியது.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. 1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் சேர்ந்தது. சில பத்தாண்டுகளில் இந்தியர் எவரும் ‘கூலி’ ஆனார்கள்; வணிகர் கூலி வணிகர், காந்தி கூலி பாரிஸ்டர். இதைத் தம் சுயசரிதையில் பதிவுசெய்யும் காந்தி, ‘சாமி’ என்ற இன்னொரு வசைப்பெயரையும் குறிப்பிடுகிறார். தமிழர் பெயர்களின் ஈற்றிலுள்ள சாமியே அது. இலங்கையிலோ தோட்டத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் கையேட்டுக்கே ‘கூலித் தமிழ்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு மொழிக்கு அதைப் பேசுவோரின் கூலியைக் கொண்டு பெயரிட்டது என்னை மிகவும் வருத்துகிறது.

இன்று இச்சொல்லின் நிலை இடத்துக்கு இடம் வேறு. வட இந்திய ரயில் நிலையங்களில் சுமை தூக்குபவர் ‘குலி’. இந்தோனேசியாவில் செய்தியாளரை ‘குலி திந்தா’, அதாவது மைக்கூலி, என்பதுண்டு. தென்னாப்பிரிக்காவில் அது இன்னும் இழிசொல். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவேற்ற மொரிஷியஸின் கூலிப் படித்துறை, ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரில் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தத் தீவின் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் வெளியான தம் நூலில் ‘கூலித்துவம்’ என்ற கருத்தை முன்வைத்து, வசைச்சொல்லையே வழித்தோன்றல்களின் பொதுப் பெயராக்க முயன்றார். 1903இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குத் தனியே கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியைத் தேடிச் சென்ற கயூத்ரா பகதூர், 2013இல் வந்த தம் நூலுக்குக் ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார்.